பிரேக் பிடிக்காத வண்டியும் என் தங்கை பேரனும்

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. வழக்கமாக இந்த நாட்களில் அருவிப் படம் போடுவேன். இன்று படம் கிடையாது, நீளமான பதிவுதான். நேரம் இருப்பவர்கள் உட்கார்ந்து படியுங்கள்.

விஷயம் என் தங்கையின் பேரனைப் பற்றியது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறான். இரண்டாம் ஆண்டு முடித்து லீவுக்கு வந்திருக்கிறான். மாணவர்களே சேர்ந்து ரேஸ் கார் கட்டும் அணி ஒன்று அங்கே இருக்கிறது. முதல் ஆண்டிலிருந்தே அதில் இருக்கிறான். பலன்: இரண்டு அரியர், இடது உள்ளங்கையில் நான்கு தையல். இந்த லட்சணத்தில் அடுத்த ஆண்டுக்கு அவனையே கேப்டனாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வீட்டில் பூகம்பம்.

"மாமா, நீங்க சொன்னாதான் கேப்பான். அந்தக் கார் சனியனை விட்டுத் தொலைக்கச் சொல்லுங்க" என்று அவன் அம்மா என்னிடம் வந்து அழுதாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நான் மட்டும் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். அவனிடமும் அவன் அம்மாவிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் அணியை விட வேண்டாம். கேப்டனாகவே இருக்கட்டும். ஆனால் போன வருஷம் அந்த அணி நடந்த மாதிரி இனி ஒரு நாள்கூட நடக்கக் கூடாது. அவர்கள் வண்டி தோற்றதற்குக் காரணம் பொறியியல் தெரியாதது அல்ல. ஒரு கல்யாண வீட்டை நடத்தத் தெரிந்த நம்ம ஊர்ப் பெரியம்மா ஒருத்தி அங்கே இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள்.

இந்தப் போட்டி என்னவென்று பலருக்குத் தெரியாது. கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பழக்க தோஷம். அமெரிக்காவில் 1979-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சின்ன எஞ்சினை வைத்து மாணவர்களுக்காக ஒரு போட்டி நடத்தினார்கள். அதுவே 1981-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்டின் நகரில், ஃபார்முலா எஸ்ஏஇ என்ற பெயரில் ஆரம்பமானது. ஒரே ஆள் உட்காரும், சக்கரங்கள் வெளியே தெரியும் குட்டி ரேஸ் காரை மாணவர்களே வடிவமைத்துக் கட்ட வேண்டும். பெட்ரோல் எஞ்சின் என்றால் 710 சிசிக்கு மேல் போகக் கூடாது. எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன ஓட்டை. பணக்காரக் கல்லூரி பெரிய எஞ்சின் வாங்கி ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக மூக்கைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு இது.

நம் நாட்டில் ஃபார்முலா பாரத் என்ற பெயரில் இந்த வகைப் போட்டி நடக்கிறது. இடம் கோவை செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே. 'காரி' என்றதும் கடையேழு வள்ளல்களில் வரும் மலையமான் திருமுடிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். இவர் கோவையைச் சேர்ந்த கரிவரதன். மாருதி எஞ்சினையும் பாகங்களையும் வைத்துக் குறைந்த செலவில் ரேஸ் கார் கட்டி, வசதி இல்லாத இளைஞர்களும் பந்தயத்துக்கு வர வழி செய்தவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். ஆக, கொடுத்த கணக்கில் பார்த்தால் இவரும் வள்ளல்தான்.

மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 325 வண்டி ஓடாமலே கிடைக்கும். ஏன் இப்படி வடிவமைத்தாய் என்று நடுவர்கள் கேட்பதற்குப் பதில் சொன்னால் 150. செலவுக் கணக்குக்கு 100. இந்த வண்டியை வியாபாரமாக எப்படிச் செய்வாய் என்று பேசினால் 75. மீதி 675 ஓட்டத்துக்கு. கடைசியாக 22 கிலோமீட்டர் நீண்ட ஓட்டம், பாதியில் ஓட்டுநர் மாற வேண்டும்.

ஆனால் களத்தில் இறங்குவதற்கு முன்னால் சோதனை இருக்கிறது. வண்டியைப் பெரிய பலகையில் ஏற்றி 60 டிகிரி சாய்ப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய் சிந்தக் கூடாது. ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றி 5 விநாடிக்குள் வெளியே குதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே பிரேக் சோதனை: வேகமாக ஓடி வந்து மிதித்தால் நான்கு சக்கரமும் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று பூட்டி ஒன்று உருண்டாலும் களத்துக்குள் விட மாட்டார்கள்.

போன ஜனவரியில் நான் நேரில் போனேன். தென்காசியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கிளம்பி, காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு செட்டிபாளையத்தில் இறங்கினேன். பயல்கள் இருபத்து மூன்று பேர், அதில் பெண் பிள்ளைகள் நான்கு. ஒருவர் கண்ணிலும் தூக்கம் இல்லை. வண்டி என்னவோ மாப்பிள்ளை மாதிரி பளபள என்று இருந்தது. பெயிண்ட், பணம் கொடுத்தவர்களின் ஸ்டிக்கர், எல்லாம் கச்சிதம். "எஞ்சின் எப்ப ஓடுச்சுப்பா?" என்று கேட்டேன். "லாரியில ஏத்துறதுக்கு மூணு நாள் முன்னால தாத்தா" என்றான். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

சாய்ப்பு சோதனை தேறியது. ஓட்டுநர் நான்கரை விநாடியில் வெளியே வந்தான். பிரேக்கில் மாட்டினார்கள். முதல் முறை பின் சக்கரம் இரண்டும் பூட்டின. முன் சக்கரத்தில் வலது பக்கத்தது உருண்டுகொண்டே போனது. இரண்டாவது முறையும் அதே. மூன்றாவது முறையும் அதே. அதற்குள் பொழுது போய்விட்டது. களத்தில் ஒரு மீட்டர்கூட ஓடாமல் ஒரு வருஷ உழைப்பு லாரியில் திரும்ப ஏறியது.

என்ன நடந்தது என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்கு இது புரியும். தென்காசி குற்றாலம் டவுன் பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் எல்லாரும் முன்னால் சாய்வோம் இல்லையா? அதேபோல பிரேக் போடும்போது வண்டியின் எடை முன் சக்கரங்கள் மேல் போய் அழுத்தும். அழுந்திய சக்கரத்தைப் பூட்ட அதிக விசை வேண்டும். அதனால் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க பிரேக் மிதியில் ஒரு தண்டு இருக்கிறது. திருகித் திருகி அந்தப் பங்கை மாற்றலாம். முன்னுக்கு ஒரு குழாய், பின்னுக்கு ஒரு குழாய், இரண்டும் தனித்தனி. ஒன்று ஒழுகினாலும் மற்றது காப்பாற்றும்.

தண்டு எத்தனை சுற்றில் நிற்க வேண்டும் என்பதை ஒரு இறுதியாண்டுப் பையன் டிசம்பரில் கண்டுபிடித்து வைத்திருந்தான். பிறகு வேலை கிடைத்து சென்னைக்குப் பயிற்சிக்குப் போய்விட்டான். பெயிண்ட் அடிப்பதற்காக மிதியைக் கழற்றி மாட்டியதில் தண்டு நகர்ந்துவிட்டது. குழாயில் காற்றும் புகுந்துவிட்டது. காற்றை எடுத்தார்கள், ஆனால் சுற்றுக் கணக்கு யாருக்கும் தெரியவில்லை. அது அந்தப் பையன் தலையில் மட்டும் இருந்தது. களத்திலிருந்து அவனுக்கு பதினேழு தடவை போன் அடித்திருக்கிறார்கள். பயிற்சிக் கூடத்தில் செல்போனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்களாம்.

பதினேழு தடவை! ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்திருந்தால் போதும்.

அவன் கையில் விழுந்த தையலும் இதே கதைதான். லாரி ஏற்றுவதற்கு முந்தின ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்று நாள் தூங்காத கையோடு, கட்டிங் மிஷினைப் பிடித்து ஒரு தகட்டை அறுத்திருக்கிறான். அந்தத் தகடு நவம்பரிலேயே முடிந்திருக்க வேண்டியது. டிசைனை டிசம்பர் வரை மாற்றிக்கொண்டே இருந்தார்களாம். 'இன்னும் அரைக் கிலோ குறைக்கலாம், இன்னும் கொஞ்சம் நல்லா செய்யலாம்.' உள்ளங்கையோடு போனதே என்று திருக்குற்றாலநாதரைக் கும்பிட்டேன்.

இதைப் படித்துவிட்டு, பொறுப்பில்லாத பிள்ளைகள் என்று சொல்லத் தோன்றும். சொல்வதற்கு முன் என் கதை ஒன்றையும் கேளுங்கள். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

1991-ல் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு பத்தாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் மாதிரி செய்தார்கள். தகர டப்பாவை வெட்டிச் சக்கரம், சைக்கிள் டைனமோ, ஒரு டார்ச் பல்பு. பல்பு மினுக்கியதே தவிர நன்றாக எரியவில்லை. கண்காட்சிக்கு முந்தின ராத்திரி அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கம்பிச் சுருளைப் பிரித்து நானே சுற்றினேன், சக்கரத்தின் தகடுகளையும் நானே வளைத்தேன். பல்பு ஜோராக எரிந்தது. இரண்டாம் பரிசு கிடைத்தது. பள்ளி பிரேயரில் கைதட்டல், எனக்குப் பெருமையோ பெருமை.

அதில் ஒரு பையன் இன்று தென்காசியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்து வருஷம் முன்னால் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: "சார், அன்னைக்கு நடுவர் எங்கிட்ட, ஏன்ப்பா இத்தனை சுத்து சுத்தினேன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல. முழிச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் பரிசு உங்களது சார், எங்களது இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

இந்த ரேஸ் கார் போட்டியின் விதியில் அந்தத் தப்புக்கு இடமே கிடையாது. முடிவுகளை மாணவர்கள்தான் எடுக்க வேண்டும், ஆசிரியர் ஆலோசனை மட்டும் சொல்லலாம். 'ஏன் இத்தனை சுற்று?' என்ற அதே கேள்விக்குத்தான் 150 மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், நம் பேரன் தோற்றாலும் அது அவன் தோல்வி. அந்தப் பதினேழு போன் அழைப்பில் அவன் கற்றதை நான் முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் யாருக்காவது கற்றுக்கொடுத்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது.

சரி, அடுத்த வருஷம் எப்படி நடத்துவது? நான் அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

கேப்டன் ஸ்பானரைத் தொடக் கூடாது. இதைச் சொன்னதும் முகம் தொங்கிப்போனது. எல்லா அணியிலும் கெட்டிக்கார மெக்கானிக்கைத்தான் கேப்டனாக்குகிறார்கள். அவன் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பான், மேலே இருபது பேர் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள். தேரோட்டத்தைப் பாருங்கள். வடம் பிடித்து இழுக்க ஆயிரம் பேர் ஓடி வருவார்கள். ஆனால் சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை போடுகிறவர் எங்கே நிற்கிறார், தயாராக இருக்கிறாரா என்று பார்க்க ஒருவர் வேண்டும். அவர் வடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் தேர் யார் வீட்டுத் திண்ணையில் போய் நிற்கும்?

கேப்டன் கையில் காலண்டர் இருக்கட்டும். ஒரு தேதிக்கு மேல் டிசைனை யாரும் தொடக் கூடாது, எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் சரி. குற்றாலத்தில் மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. எனக்கு நீச்சல் தெரியும் என்று போலீஸ்காரரிடம் யாரும் வாதாடுவதில்லை. அப்படி ஒரு கோடு வேண்டும். ஜனவரியில் போட்டி என்றால் ஆகஸ்டு கடைசியில் டிசைன் முடிய வேண்டும், நவம்பர் முதல் வாரம் வண்டி உருள வேண்டும். பெயிண்ட் இல்லாமல், ஸ்டிக்கர் இல்லாமல், அசிங்கமாக உருளட்டும். மீதி இரண்டு மாதம் ஓட்டி ஓட்டி உடைக்க வேண்டும். சென்னை ஐஐடி மாணவர்களின் ரஃப்தார் அணி 2022 நவம்பரில் ஆர்எஃப்23 என்ற மின்சார ரேஸ் காரை வெளியிட்டபோது, வடிவமைப்பு, தயாரிப்பு, சோதனை என்று ஒரு வருஷ வேலை என்றார்கள். நம் பயல்கள் முதல் இரண்டைச் செய்தார்கள். மூன்றாவதைப் போட்டிக் களத்திலேயே செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் பட்டறையில் மிஷின் ஓடக் கூடாது. இதில் எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. இதை மீறினால் அணியை விடச் சொல்லும் முதல் ஆள் நானாக இருப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

நோட்டு விஷயம். மத்தளம்பாறையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். அவர்கள் அலுவலகத்தில் ஒருவர் விலகினால், அவர் செய்த வேலையை எழுதி, அடுத்தவரைச் செய்ய வைத்துப் பார்த்த பிறகுதான் விடுவார்களாம். அதில் இரண்டாவது பாதிதான் முக்கியம். எழுதினால் மட்டும் போதாது. எழுதியதை வைத்து ஒரு முதலாண்டுப் பிள்ளை அந்தத் தண்டைக் கழற்றி மாட்டி பிரேக் பிடிக்க வைத்துக் காட்ட வேண்டும். காட்டினால்தான் சீனியருக்கு விடுதலை. இந்த அணிகளில் ஒவ்வொரு வருஷமும் கால்வாசிப் பேர் பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள். எழுதி வைக்காத அணி ஒவ்வொரு வருஷமும் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன வருஷம் ஆளுக்கு 15,000 ரூபாய் வீட்டிலிருந்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கணக்கு ஒரு பையனின் செல்போனில் இருந்தது. நல்ல பையன்தான், ஒரு பைசா தப்பில்லை. ஆனாலும் தையல் தொழிலாளி வீட்டுப் பிள்ளையிடமும் அதே 15,000 வாங்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. வசதிப்பட்டதைக் கொடு, கணக்கை மாதம் ஒரு முறை சுவரில் ஒட்டு என்றேன். கல்லூரியைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. வண்டி முன்னால் நின்று படம் பிடித்து பேனர் வைத்தார்கள், போட்டிக்குப் போன ஐந்து நாளுக்கு ஆப்சென்ட்டும் போட்டார்கள். அவ்வளவுதான்.

இப்போது அரியர். அவன் அம்மா கேட்பது நியாயமான கேள்வி. அரியர் இருந்தால் வேலைக்கு வரும் பல கம்பெனிகள் வாசலிலேயே நிறுத்திவிடும். ரேஸ் கார் கட்டினேன் என்று சொல்வதற்குக்கூட உள்ளே விட வேண்டுமே! ஒரு அரியர் கணக்கு, இன்னொன்று தெர்மோடைனமிக்ஸ். எஞ்சின் கட்டுகிறவன் தெர்மோடைனமிக்ஸில் அரியர் வைத்திருப்பது சமையல்காரன் உப்பு வாங்க மறந்த மாதிரி. நவம்பர் தேர்வில் இரண்டையும் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் டிசம்பரில் கேப்டன் பதவியைத் துணைக் கேப்டனிடம் கொடுத்துவிட வேண்டும். துணைக் கேப்டன் அந்தப் பெண் பிள்ளைகளில் ஒருத்தி, அரியர் கிடையாது, செலவுக் கணக்கில் அணிக்கு நல்ல மதிப்பெண் வாங்கிக் கொடுத்தவள். என்னைக் கேட்டால் முதலிலேயே அவளைக் கேப்டனாக்கியிருக்கலாம். அதையும் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் அவளுக்குத்தான் ஓட்டு போட்டேன் தாத்தா" என்றான். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவன் மேல் முழு நம்பிக்கை வந்தது.

கணக்குப் பாடத்துக்கு நான் இருக்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணி, வீடியோ காலில். எழுபது தாண்டிவிட்டது என்றாலும் தொகைநுண்கணிதம் இன்னும் மறக்கவில்லை. தெர்மோடைனமிக்ஸ் சொல்லித் தர உங்களில் யாராவது வாருங்கள். 96 பேட்ச் பையன்கள் இரண்டு பேர் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகள் உங்களிடம் வந்தால் ஐயாயிரம் ரூபாயைக் கொடுத்து ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பகல் நேரத்தில் ஒரு மணி நேரம் மிஷினைக் கொடுங்கள். வெல்டிங்கை எப்படிப் பிடிப்பது என்று திட்டிச் சொல்லிக்கொடுங்கள். அவர்களுக்காக நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். அது என்ன வினை என்று எனக்குத் தெரியும்.

நேற்று அவனைத் தென்காசி லேத் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், என் 1991 மாணவரிடம். இரண்டு பேரும் என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் பிரேக் மிதியைப் பற்றிப் பேசினார்கள். நடுவில் நான் ஒரு யோசனை சொல்ல வாயைத் திறந்தேன். "சார், நீங்க டீ சாப்பிடுங்க" என்றார் மாணவர்.

பேரன் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறான். முதல் பக்கத்தில் தேதி போட்டு, தண்டின் படம் வரைந்து, பக்கத்தில் கட்டம் போட்டு விட்டிருக்கிறான். சுற்று எண்ணிக்கை எழுத வேண்டிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது. கல்லூரி திறந்ததும் அதுதான் முதல் வேலையாம்.

கருத்துச் சொல்கிறவர்கள் தனியாகச் செய்தி அனுப்பாமல் இங்கேயே எழுதுங்கள். அவன் அம்மாவும் படிப்பாள். மதுரையில் இருக்கும் பெரிய தம்பி மட்டும் எழுதுவதற்கு முன் இதை முழுவதும் படிக்கவும்.